சிவில் உரிமைப் போராட்டம் நடந்த இடத்தில் மரபு மையம் அமைப்பவர்களுக்கு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ் வாழ்ந்த வீட்டுக்கு முன்வாசல் கிடையாது. தெருவைப் பார்த்த சுவரில் ஜன்னல்கள்தான் உண்டு. பக்கவாட்டிலிருக்கும் கார் கொட்டகை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தங்களைக் கொல்ல ஆள் வரலாம் என்று தெரிந்த குடும்பம், வீட்டை அப்படி அமைத்துக்கொண்டது. பிள்ளைகளின் மெத்தைகள் கட்டிலில் இல்லாமல் தரையில் கிடந்தன, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே தலை இருக்க வேண்டும் என்பதற்காக. 1963 ஜூன் 12, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அந்தக் கார் கொட்டகையில்தான் அவர் சுடப்பட்டார். குண்டு அவரைத் துளைத்து, ஜன்னலையும் உட்சுவரையும் கடந்து சமையலறைக்குள் போய் விழுந்தது.

இந்த மாதிரி ஒரு வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறக்கச் சொன்னால், துறைக்குப் புதிதாக வந்தவரின் கை முதலில் எங்கே போகும்? தெருப்பக்கச் சுவரில் அகலமான வாசல், அதற்கு ஒரு சாய்தளம். வசதியான யோசனைதான். அந்த வாசல் திறந்த அன்றே வீடு தன் சாட்சியத்தை இழந்துவிடும்.

கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கேட்டுப் போராடிய அமெரிக்க சிவில் உரிமை இயக்கத்தின் இடங்களில் வேலை செய்பவர்கள் எப்போதும் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: இங்கே கட்டடமே சாட்சி. எதை இடிப்பது, எதைச் சேர்ப்பது, எதற்குக் குளிரூட்டுவது என்ற ஒவ்வொரு முடிவையும், சாட்சியத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு பத்தி எழுதுங்கள்

பென்சிலைக் கோடு போட எடுக்காதீர்கள், எழுத எடுங்கள். இந்த இடத்தில் என்ன நடந்தது, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, அதில் எது இன்னும் கண்ணால் பார்க்கும்படி மிஞ்சியிருக்கிறது? நூறு சொற்களுக்குள் அடங்க வேண்டும். பிறகு எழும் வாக்குவாதங்களில் பாதியை இந்தப் பத்தியே தீர்த்து வைக்கும்.

தேதிகளை வரையறுப்பது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கிரீன்ஸ்பரோ உல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கவுண்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தது 1960 பிப்ரவரி 1. அந்த ஒரு நாளோடு கதையை நிறுத்தினால், ஜூலை 25 விட்டுப்போகும். அன்றுதான் கவுண்டர் கறுப்பினத்தவருக்குத் திறந்தது. முதலில் பரிமாறப்பட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை செய்துகொண்டிருந்த கறுப்பின ஊழியர்கள். இரண்டாவது தேதியையும் சேர்த்தால் சமையலறையும் பின்வாசலும் ஊழியர் அறையும் முக்கியமாகிவிடும். ஒரு தேதியை எழுதும்போது எந்தச் சுவர் நிற்கும், எந்தச் சுவர் போகும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறீர்கள்.

வரைபடத்துக்கு முன்னால் மனிதர்கள்

நேரில் கண்டவர்களில் பெரும்பாலோர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கூரை ஒழுகினால் தார்ப்பாய் போட்டு ஒரு வருடம் தள்ளலாம். இவர்களின் நினைவுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே பணத்தில் முதல் செலவு ஒலி, ஒளிப்பதிவுக்கே போகட்டும்.

சுருக்காத டபிள்யூஏவி கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். சட்டையில் குத்தும் மைக் ஒன்று, மேசையில் மாற்று மைக் ஒன்று. ஒரு அமர்வு 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முதியவர்கள் களைத்துவிடுவார்கள். பதிவு எப்படிப் பயன்படும் என்பதைச் சொல்லும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். எழுத்தாக்கியதை அவர்களிடமே காட்டித் திருத்தம் கேளுங்கள். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில். முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப் போய்ப் பேச வையுங்கள். "கதவு இந்தப் பக்கம் இருந்தது" என்று அவர்கள் கை நீட்டும் திசையைப் பழைய வரைபடமோ புகைப்படமோ காட்டாது.

அக்கம்பக்கத்தாரையும் முதல் வாரத்திலேயே பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மெம்ஃபிஸ் லொரெய்ன் மோட்டலை அருங்காட்சியகமாக்குவதற்காக, அங்கே கடைசியாகக் குடியிருந்த பெண் 1988-இல் வெளியேற்றப்பட்டார். அதன் பின் பல பத்தாண்டுகள் எதிர்ப்புறத் தெருவோரத்திலேயே அவர் போராட்டம் நடத்தினார். இந்தப் பணம் ஏழைகளின் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் போயிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மையம் வந்ததும் வாடகை ஏறும், பேருந்துகள் வந்து நிற்கும், பழைய குடும்பங்கள் கிளம்பும். இவற்றுக்கு உங்கள் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும். மூன்று பேர் உட்காரும் ஆலோசனைக் குழு போதாது. எதை வைப்பது, எதை நீக்குவது என்று வாக்களிக்கும் உரிமையோடு குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் குழுவில் இருக்க வேண்டும்.

சட்டமும் அனுமதியும்

1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 106 என்று ஒன்று உண்டு. கூட்டாட்சி அரசின் பணமோ உரிமமோ உங்கள் வேலையில் கலந்தால், அந்த வேலை வரலாற்றுச் சொத்தை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தோடு இந்தப் பேச்சு நடக்கும். புதியவர்கள் செய்யும் தவறு, வரைபடம் முடிந்த பிறகு அங்கே போய் நிற்பது. வெறும் அளவெடுத்த வரைபடத்தோடும் நீங்கள் எழுதிய அந்த ஒரு பத்தியோடும் போனால் அவர்கள் வழிகாட்டுவார்கள். அதைவிடப் பெரிய தவறு, அனுமதிக்கு முன்பே "உள்ளே கொஞ்சம் சுத்தம் செய்வோம்" என்று இடிக்க ஆரம்பிப்பது. அந்த ஒரு வாரம் மானியத்தையே காவு வாங்கிவிடும்.

வரலாற்றுக் கட்டடங்களுக்கென்று அமெரிக்க உள்துறைச் செயலர் வகுத்த தரநெறிகள் நான்கு வழிகளைச் சொல்கின்றன: இருப்பதை அப்படியே காத்தல், புதுப் பயன்பாட்டுக்குத் தகவமைத்தல், ஒரு குறிப்பிட்ட காலத் தோற்றத்துக்கு மீட்டல், இல்லாததைத் திரும்பக் கட்டல். ஒரே வளாகத்தில் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு வழி வரலாம். மிசிசிப்பியின் சம்னர் நீதிமன்றம், வெள்ளையர் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெட் டில்லின் கொலை வழக்கு நடந்த 1955-இன் தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில் "குற்றவாளிகள் அல்ல" என்று சொன்ன கூடம் அது. அங்கே மீட்டல் பொருத்தம்: அந்த இருக்கை வரிசைகளைப் பார்த்தால்தான் யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பது புரியும். திரும்பக் கட்டுவதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். இல்லாமல் போனதும் ஒரு தகவல்தான். மாண்ட்கமரி கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் கறுப்பினத்தவருக்கென்று இருந்த தனி வாசல் பின்னாளில் செங்கல்லால் அடைக்கப்பட்டது. அடைத்த தடத்தை அப்படியே விட்டுவைப்பதற்கு நிகராக எந்தப் புது வாசலாலும் பேச முடியாது.

கட்டடத்தைப் படிப்பது

எதையும் உரிப்பதற்கு முன் ஆவணப்படுத்துங்கள். லேசர் அளவீடு, எல்லாச் சுவருக்கும் நேர்முகப் புகைப்படம், ஒவ்வொரு அறையிலும் பெயிண்ட் அடுக்குகளின் மாதிரி. பத்திரிகைப் படங்களையும் போலீஸ் படங்களையும் தேடி, அதே கோணத்தில் நின்று இன்று ஒரு படம் எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கதவின் கீல் எந்தப் பக்கம், விளக்கு எத்தனை, கவுண்டர் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை கட்டாயம். 1978-க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் நீக்கும் குழு வந்தால் தரை ஓடும் கூரைப் பலகையும் மூட்டையில் கட்டிப் போய்விடும். எந்த ஓடு சாட்சியம் என்று குறித்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அதை எடுக்காமல் மூடிக் காக்க வழி உண்டா என்று அவர்கள் வருவதற்கு முன்பே கேளுங்கள்.

பாரம் தாங்குமா என்ற கேள்வியில் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்கக் கட்டட விதிப்படி மோட்டல் அறையின் தரை சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்கினால் போதும். மக்கள் கூடும் காட்சிக்கூடத்துக்கு 100 பவுண்டு வேண்டும். மெட்ரிக் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோவிலிருந்து 488 கிலோவுக்கு. பழைய மரச்சட்டமோ மெல்லிய காங்கிரீட் பலகையோ இதைத் தாங்காது. அடியில் எஃகு விட்டம் கொடுத்துத் தரையைப் பலப்படுத்தலாம், கீழ்த்தளக் கூரை தாழும். இல்லாவிட்டால் அந்த அறைக்குள் யாரும் நுழையாமல் வெளியே நின்று பார்க்கும்படி வைக்கலாம். சாட்சியமான அறைக்கு இரண்டாவதே மேல். லொரெய்னில் 306-ஆம் அறையைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்துதான் பார்க்கிறார்கள். கலைந்த படுக்கை, மேசைமேல் கோப்பைகள், வெளியே 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் நின்ற மாடம், அதன் கம்பியில் ஒரு மலர்வளையம். அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை.

செங்கல், சுண்ணாம்பு, ஈரம்

தெற்கு மாநிலங்களில் கட்டடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். முதல் பணம் கூரைக்கும் மழைநீர்க் குழாய்க்கும். காட்சிப் பெட்டி அப்புறம்.

பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. இணைப்பு உதிர்ந்திருக்கிறது என்று மேஸ்திரி சிமெண்ட் கலவையைத் திணித்தால், ஐந்தாறு வருடத்தில் செங்கல்லின் முகம் உரிந்து கொட்டும். காரணம் எளிது: சுவருக்குள் போன ஈரம் மென்மையான இணைப்பு வழியாக வெளியேற வேண்டும். இணைப்பு செங்கல்லைவிட இறுகிவிட்டால், ஈரமும் உப்பும் செங்கல் வழியாக வெளியேறி அதை உடைக்கும். பழைய கலவையின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மணலின் பருமனும் நிறமும் பொருந்த, செங்கல்லைவிட மென்மையாகக் கலக்கச் சொல்லுங்கள். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் சுரண்ட வேண்டும், கையால். மின் அரைப்பான் செங்கல்லின் விளிம்பை அறுத்துவிடும். மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்யவே கூடாது. சுட்ட செங்கல்லின் காக்கும் தோல் போய்விடும், கூடவே 1960-களின் விளம்பர எழுத்தோ புகைக்கறையோ இருந்தால் அதுவும்.

ஏசி இன்னொரு பொறி. கோடையில் வெளிக்காற்று ஈரத்தில் தோய்ந்திருக்கும். உள்ளே 20 டிகிரிக்குக் குளிரூட்டி, சுவரின் உட்புறத்தில் வினைல் தாளோ ஈரம் புகாத பெயிண்டோ இருந்தால், வெளியிலிருந்து வரும் ஈரம் அந்தப் பூச்சுக்குப் பின்னால் குளிர்ந்து நீராகும். ஒரே கோடையில் பூஞ்சை பிடிக்கும். முழுக் கட்டடத்தையும் அருங்காட்சியகக் காற்றுக்குக் கொண்டுவரும் ஆசையை விடுங்கள். அறையை 23, 24 டிகிரியில் வைத்து, ஈரநீக்கிக் கருவியால் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். கடிதம், துணி, அசல் புகைப்படம் போன்றவற்றைக் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு தனியே காப்பாற்றுங்கள்.

ஒளியிலும் இதே கண்டிப்பு வேண்டும். செய்தித்தாள், துணி, புகைப்படத்துக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). நாளுக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 1,50,000 லக்ஸ் மணி ஆகிறது. விளக்கை 100 லக்ஸுக்கு ஏற்றினால் அரை வருடத்திலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசலை எடுத்து ஓய்வு கொடுங்கள். அதன் இடத்தில் நகல் வைத்தால், நகல் என்று எழுதி வையுங்கள். அசல், பழுது பார்த்தது, மறு உருவாக்கம் என்ற மூன்றையும் பார்வையாளர் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். நடந்ததையே மறுப்பவர்கள் இருக்கும் விஷயத்தில் ஒரு பொய்யான நாற்காலி போதும், மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

மையத்தை எங்கே வைப்பது

கழிப்பறை, டிக்கெட், கடை, வகுப்பறை, இயந்திர அறை எல்லாவற்றையும் சாட்சியக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுங்கள். பர்மிங்ஹாமில் 1963-இல் குண்டுவைக்கப்பட்ட பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் இன்றும் வழிபாட்டுத் தலம்தான். 1992-இல் திறந்த சிவில் உரிமை நிறுவனம் தெருவுக்கு எதிர்ப்புறம். லிட்டில் ராக்கில் 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவக் காவலோடு நுழைந்த சென்ட்ரல் ஹை இன்றும் பள்ளிதான். பார்வையாளர் மையம் சாலைக்கு அப்பால். எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கும்போது கட்டடம் முழுதாகக் கண்ணில் படும், அதன் அன்றாட வாழ்க்கையும் கெடாது.

புதுக் கட்டடம் பழையதைவிட உயரக்கூடாது, பழையதைப்போல் வேஷம் போடவும் கூடாது. ஒரு நாள் அதைக் கழற்றினால் பழையது முழுதாக நிற்க வேண்டும்.

ஏறி வர எல்லோராலும் முடிய வேண்டும்

தனி வாசல், தனிக் குழாய், தனி இருக்கை என்று மனிதர்களைப் பிரித்ததை எதிர்த்த இயக்கம் இது. சக்கர நாற்காலியில் வருபவரைக் குப்பைத் தொட்டி பக்கமுள்ள பின்வழியாக அனுப்பிவிட்டு அந்த வரலாற்றை அங்கே சொல்ல முடியாது. சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12. 30 அங்குல உயரத்துக்கு 30 அடி நீளம், மேலும் கீழும் ஐந்தைந்து அடி தளம், ஆக 40 அடி. அகலம் குறைந்தது 36 அங்குலம், கதவின் திறப்பு 32 அங்குலம். இடம் போதாவிட்டால் சரிவைக் கூட்டாதீர்கள், சின்ன லிஃப்ட் வையுங்கள்.

படிகளே வரலாறாக இருந்தால்? நியூ ஆர்லியன்ஸின் மக்டோனோ 19 பள்ளியில், 1960 நவம்பர் 14 அன்று வெள்ளையர் பள்ளியில் சேர ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமிகள் மூவர் ஏறிய படிகள் போல? அவற்றைத் தொடாதீர்கள். இன்னொரு வாசலை எல்லோருக்குமான பொது வாசலாக்கி, நடக்க முடிந்தவரும் முடியாதவரும் அதன் வழியாகவே வரும்படி செய்யுங்கள். படிகளின் எதிரே எல்லோரும் கூடி நிற்க ஓர் இடம் விடுங்கள். எவர்ஸ் வீடு போன்றவற்றுக்கும் இதுதான் வழி: இருக்கும் கார் கொட்டகை வாசலையே சரிசெய்வது, முடியாத அறைக்கு ஒளிப்பதிவு.

காட்சிப் பெட்டியில் முக்கியப் பொருள் தரையிலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் போனால், உட்கார்ந்திருப்பவருக்கும் குழந்தைக்கும் அடிப்பக்கம்தான் தெரியும். சுவர்க் குறிப்பின் நடுப்பகுதி 54 அங்குல உயரத்தில் இருக்கட்டும்.

வழியும் வார்த்தையும்

பொருள் குறிப்புக்கு 50 முதல் 75 சொற்கள். இலக்கணத்தில் கவனம் வேண்டும். "குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் உயிரிழந்தனர்" என்று எழுதினால் செய்தவர்கள் வாக்கியத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள். "1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, பதினாறாம் தெரு தேவாலயத்தில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் வைத்த டைனமைட் வெடித்து ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் கொல்லப்பட்டார்கள்" என்று எழுதுங்கள். யார் செய்தார்கள், யாருக்கு, எப்போது. மூன்று சிறுமிகளுக்கு 14 வயது, டெனிஸுக்கு 11.

வன்முறைப் படங்களை வழியின் நடுவில் வைக்காதீர்கள். வாஷிங்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் எமெட் டில்லின் அசல் சவப்பெட்டி தனி அறையில் இருக்கிறது, படம் எடுக்கக் கூடாது. விரும்புபவர் உள்ளே போகலாம், மற்றவர் தாண்டிப் போகலாம். இப்படி ஒரு சுற்றுவழி, அது கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கைப் பலகை, கனமான பகுதி முடிந்ததும் ஜன்னலும் பெஞ்சும் உள்ள அமைதியான ஓர் அறை: இந்த மூன்றையும் முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள், பிறகு இடம் கிடைக்காது. 30 பிள்ளைகள் கொண்ட பள்ளிக் குழு ஒன்றாக உட்கார இரண்டு இடங்களாவது வேண்டும்.

பார்வையாளரைத் திட்டியும் தள்ளியும் "அனுபவிக்க" வைக்கும் நாடகங்களை அசல் இடத்தில் வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அசல் நாற்காலி முன்னால் நிற்கும்போது நடிப்பு தேவைப்படாது.

பாதுகாப்பும் பணமும்

பகை இன்னும் தீரவில்லை. எமெட் டில்லின் உடல் எடுக்கப்பட்ட ஆற்றங்கரையில் வைத்த பெயர்ப்பலகை திரும்பத் திரும்பச் சுடப்பட்டது. 2019-இல் வைத்தது குண்டு துளைக்காத எஃகுப் பலகை, எடை சுமார் 500 பவுண்டு. வெளியில் வைக்கும் எதற்கும் கேமரா, வெளிச்சம், கையிருப்பில் ஒரு மாற்றுப் பலகை என்று முதலிலேயே செலவு ஒதுக்குங்கள். சேதப்பட்ட பலகையைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள், அதுவும் சேகரிப்பில் சேர வேண்டிய பொருள்தான்.

எதிர்பாராச் செலவுக்குப் பழைய கட்டடத்தில் 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். காலமும் நீளும்: கிரீன்ஸ்பரோ கடை மூடியது 1993, அருங்காட்சியகமாகத் திறந்தது 2010. கூட்டாட்சியின் 20 சதவீத வரிச்சலுகை வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும்தான். நுழைவுச்சீட்டு விற்கும் தொண்டு நிறுவனம் நேரடியாக அதை வாங்க முடியாது. தேசியப் பூங்காச் சேவை ஆப்பிரிக்க அமெரிக்க சிவில் உரிமை இடங்களுக்கென்றே தனி மானியம் தருகிறது, அதைப் பாருங்கள். மக்டோனோ 19-இல் மேல்தளங்களில் முதியோருக்கான குறைந்த வாடகை வீடுகள், கீழே காட்சிக்கூடம். அக்கம்பக்கத்தாருக்குப் பயன், மையத்துக்கு நிலையான வருமானம். ஊர் ஒத்துக்கொண்டால் இதுபோன்ற கலப்புத்தான் நீடிக்கும்.

கட்ட மானியம் கிடைக்கும், நடத்தக் கிடைப்பது அரிது. ஆகவே முதல் ஐந்து வருடச் சம்பளம், காப்பீடு, மின்சாரம், வருடம் இருமுறை மழைநீர்க் குழாய் சுத்தம் ஆகியவற்றுக்கான கணக்கைக் கட்டட மதிப்பீட்டோடு ஒரே தாளில் காட்டுங்கள். அது இல்லாமல் மேசைக்கு வந்த திட்டத்துக்கு ஒப்புதல் கேட்காதீர்கள்.

திறந்த பின் மூன்று மாதம், வாரம் ஒரு நாள், ஒரு ஊழியர் தரைத்திட்டத்தின் நகலோடு மூலையில் நிற்கட்டும். மக்கள் எங்கே நிற்கிறார்கள், எதை வாசிக்காமல் தாண்டுகிறார்கள், எங்கே அழுகிறார்கள், அழும்போது உட்கார எதைத் தேடுகிறார்கள் என்று குறித்து வரட்டும். முதல் மாற்றம் பெரும்பாலும் ஒரு பெஞ்சை நகர்த்துவதாகத்தான் இருக்கும். ஆகவே பெஞ்சுகளைத் தரையோடு திருகி வைக்காதீர்கள்.